டிஸ்க்கில் வைத்த சந்தனம்

2004 மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது பத்து. பத்தொன்பது பாகை, வடக்கிலிருந்து வறட்டுக் காற்று, மழைக்கு அறிகுறியே இல்லை. த பேசின் என்ற மலையடி ஊரின் பிள்ளையார் கோயில் வாசலில் என் மலைச் சைக்கிள் மாலை போட்டுக்கொண்டு நின்றது. பக்கத்தில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இரத்தத்தில் சீனி கூடிவிட்டது, உடம்பை அசைக்காவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று டொக்டர் சொன்னது 1991இல். அந்த மாதமே தொண்ணூறு டொலருக்குப் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி மலைப்பாதையில் ஏற ஆரம்பித்தேன். பிறகு வருடத்துக்கு நாற்பது டொலருக்கு மேல் அதற்குச் செலவழித்ததில்லை. கடைக்காரர்கள் பஞ்சர் ஒட்டப் பதினைந்து டொலர் கேட்பார்கள். பகற்கொள்ளை! பழைய ரியூபை வெட்டி நானே ஒட்டுவேன். செயினுக்குத் தையல் மெஷின் எண்ணெய். கவுன்சில் பெரிய குப்பை அள்ளும் வாரங்களில் எங்கள் கிளேட்டன் தெருக்களைச் சுற்றிப் பொறுக்கிய சக்கரங்கள் பதினொன்று கராஜில் தொங்கின.

மனைவிக்கு இதில் ஒரே ஒரு நிபந்தனை. "ஒருநாள் விழுந்து காயத்தோட வந்தீங்களெண்டால், அடுத்த நாள் சைக்கிளை வித்துப்போடுவன். பிறகு ஊசியைக் குத்திக்கொண்டு வீட்டில இருங்கோ." சொன்னதைச் செய்கிற மனுஷி. அந்த ஊசிக்குப் பயந்தே பதின்மூன்று வருடம் விழாமல் ஓடினேன்.

பழைய சைக்கிளின் சட்டத்தில் வெடிப்பு விழுந்தபோது, என்னோடு மலையேறும் மலேசிய நண்பர் வேறொன்று பிடித்துத் தந்தார். இருநூற்றெண்பது டொலர், டிஸ்க் பிரேக். அதற்குப் பூசை செய்யாமல் ஓடக்கூடாதென்று மனைவி ஒற்றைக்காலில் நின்றாள்.

"சைக்கிளுக்கு என்ன பூசை?"

"காருக்குச் செய்தனாங்கள்தானே? இதுக்கு மட்டும் ஏன் கஞ்சத்தனம்?"

காரென்றால் ஐயருக்குப் பொட்டு வைக்கும் இடம் தெரியும். சைக்கிளில் அகலமான இடமில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தவர் கண்ணில், சக்கரத்தின் நடுவில் பளபளத்த, பிரேக் கவ்விப் பிடிக்கும் வட்டத் தகடுகள் பட்டன. விளக்குத் திரியைத் தூண்டிய எண்ணெய்க் கையோடு இரண்டு டிஸ்க்கிலும் சந்தனமும் குங்குமமும் அப்பினார். பிறகு எலுமிச்சம்பழத்தின் மேல் உருட்டச் சொன்னார். மனைவி திருப்தியோடு காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். நானும், பூசைக்கு வந்திருந்த அந்த மலேசிய நண்பரும் மலைக்குப் போனோம்.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. ஏறும்போது யார் பிரேக் பிடிக்கிறார்கள்? இறங்கும்போது பிடித்தேன். சந்தனம் உதிர்ந்து போயிருந்தது, எண்ணெய் போகவில்லை. பிரேக் பன்றிபோலக் கத்தியதே தவிர, சைக்கிள் நிற்கவில்லை.

கீழே மலைப்பாதை முடியும் கேற்றடியில் நின்ற நண்பர் கத்தினார்: "பிரேக்க புடிங்கண்ணே!"

"பிடிச்சுக்கொண்டுதானப்பா வாறன்!"

அவர் பாய்ந்து விலகினார். கேற்றுத் தூண் விலகவில்லை. முன்சக்கரம் வளைந்தது, நான் முட்புதருக்குள் கிடந்தேன். முழங்கை கிழிந்து இரத்தம். நண்பர் என்னைத் தூக்கிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்.

"சாமி கும்பிட்டு வந்த பைக்கு, நேரா சாமிகிட்டயே போகப் பாத்துச்சு லா!"

ஒரு விரல் எண்ணெய் தாங்காத பிரேக்கை எந்த மடையன் கண்டுபிடித்தான்? என் பழைய ரப்பர் கட்டைகளில் எண்ணெய் பட்டால் துடைத்துவிட்டு ஓடலாம். வரும் வழியில் நுழைந்த சைக்கிள் கடைப் பெடியனோ பிரேக் கட்டையை மூக்கில் வைத்து முகர்ந்து, நல்ல வாசனை என்றான். நான்கு கட்டைகளையும் எறிய வேண்டும் என்றான். என் பதினொரு சக்கரங்களில் ஒன்றிலும் டிஸ்க் பூட்ட இடமில்லை. புதுச் சக்கரம்தான். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னான்.

வீட்டில் மனைவி முழங்கையைப் பார்த்தாள். நான் தீர்ப்புக்குக் காத்திருந்தேன். அவள் மருந்து போட்டுக் கட்டினாள்.

"விக்கப் போறியோ?" என்று நானே கேட்டேன்.

"பூசை செய்த கையோட விக்கிறதோ? விசர்க்கதை கதையாதேங்கோ. அந்தப் பூசை செய்தபடியால்தான் முழங்கையோட போச்சு."

பூசையால்தான் விழுந்தேன் என்று சொல்ல வாய் உன்னியது. சொன்னால் சைக்கிள் போகும், ஊசி வரும். என் வாழ்க்கையில் அவ்வளவு கோபத்தை நான் விழுங்கியதில்லை. அடுத்த ஞாயிறு அவள் என்னையும், திருத்திய சைக்கிளையும் காரில் ஏற்றித் திரும்பவும் அந்தக் கோயிலுக்குக் கூட்டிப்போய், உயிர் தப்பியதற்கு நன்றியாக அர்ச்சனை செய்வித்தாள். அதே ஐயர். கையில் அதே எண்ணெய். சைக்கிளைக் காரிலிருந்து இறக்கச் சொன்னார். நான் காரைப் பூட்டி, திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பிரேக் கட்டைகள் அறுபத்துநான்கு, சக்கரம் தொண்ணூற்றைந்து, கூலி நாற்பத்தைந்து, அர்ச்சனை ஐந்து, தேங்காய் ஒன்றரை. மொத்தம் இருநூற்றுப் பத்து டொலர் ஐம்பது சதம்.