சுவரில் ஏறிய ஆறு

பங்கிராஸ் வாத்தியார் படித்தது நாலாம் வகுப்பு வரைக்கும். சொல்லிக்கொடுத்ததும் நாலாம் வகுப்பு வரைக்கும். இதில் மிச்சம் என்று கையில் ஒன்றும் கிடையாது. அது அவருக்கே தெரியும், இன்னொருத்தர் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை.

உத்தமபாளையத்துக்குக் கிழக்கே மூன்று கல் தொலைவில் சவரியார்பட்டி. கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து மூன்று தலைமுறை ஆன சோளக்காட்டுக் குடும்பம் அவருடையது. கோயிலில் மணி அடித்துக்கொண்டிருந்த பையனுக்கு எழுத்து நன்றாக வருகிறதென்று பங்குச்சாமியார் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக உட்காரவைத்தார். அதிலிருந்து பதினைந்து வருஷம். வாசிப்பிலும் கணக்கிலும் அவரிடம் படித்த பிள்ளை தோற்றதே இல்லை.

பூகோளம் என்று ஒரு பாடம் வந்துதான் கெடுத்தது. மதுரை ஜில்லாவின் தேசப்படம் ஒன்றைத் துணியில் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். ஆணி அடித்துச் சுவரில் மாட்டினார். கூட வந்த புத்தகத்தில் 'படத்தின் மேற்பக்கம் வடக்கு' என்று போட்டிருந்தது. அதை அப்படியே பிள்ளைகளை ராகம் போட்டுச் சொல்லவைத்தார். மேலே வடக்கு, கீழே தெற்கு. மூன்று வருஷம் இதுதான் பூகோளம்.

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்பது, ஆடி மாசம். பரீட்சை எடுக்க மதுரையிலிருந்து அதிகாரி வந்தார்.

"வடக்கு எங்கே? எல்லாரும் கையை நீட்டுங்க."

இருபத்திரண்டு பிள்ளைகளும் கூரையைக் காட்டின.

"தெற்கு?"

தரையைக் காட்டின. ஒரு பயல் சந்தேகமே வேண்டாமென்று காலால் தட்டியும் காட்டினான்.

அத்தனையும் உழவன் வீட்டுப் பிள்ளை. வடக்குக் காட்டுக்குக் கஞ்சி கொண்டுபோகிற பிள்ளை. வெளியே தெரிகிற வடக்கு, பள்ளிக்கூடத்துக்குள் வந்ததும் கூரைக்கு ஏறிவிட்டது. அதிகாரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "உங்க ஊர்லே வடக்கே போகணும்னா ஏணி வைக்கணுமோ?" என்று கேட்டுவிட்டு வண்டி ஏறினார்.

சாமியார் சிரிக்கவில்லை. "தை மாசம் அதிகாரி மறுபடி வருவார். பயிற்சி முடித்த ஆள் ஒருத்தரைக் கேட்டு மதுரைக்கு எழுதியிருக்கிறேன். அப்போதும் இப்படி என்றால் அந்த ஆள் உன் இடத்துக்கு வருவார், பங்கிராஸ். நீ பழையபடி மணியைப் பார்த்துக்கொள்."

வீட்டில் இன்னாசியம்மாள் கேட்டாள். "மணி அடிக்கிறதும் வேலைதானே? எதுக்கு இப்படி இடிஞ்சு உக்காந்திருக்கீக?"

"வேலைதான். யார் இல்லேன்னா? எனக்குப் பிள்ளைக முன்னால நிக்கத்தான் தெரியும். வேற எங்கன நின்னாலும் கையை எங்க வைக்கிறதுன்னே தெரியல."



அந்த வருஷம்தான் ஜெபமணி என்பவர் வாத்தியார்மார் சங்கம் ஒன்றை ஆரம்பித்திருந்தார். பள்ளிக்கூடங்களைச் சுற்றிப் பார்க்கிறது அவர் உத்தியோகம். மாசத்தில் முதல் சனிக்கிழமை சுற்றுவட்டாரத்து வாத்தியார்கள் உத்தமபாளையத்தில் கூடவேண்டும். ஒருத்தர் பாடம் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகளாகத் தரையில் உட்காரவேண்டும். முடிந்ததும் ஆளுக்கொரு குறை சொல்லவேண்டும். நரைத்த மீசைக்காரன் எல்லாம் சம்மணம் போட்டு "உள்ளேன் அய்யா" என்பான். பங்கிராஸ் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, சக வாத்தியார் சேக் பரீத் ராவுத்தர் வீட்டிலிருந்து வருகிற பருத்திப்பாலைக் குடித்துவிட்டு வந்துவிடுவார்.

ஆவணிக் கூட்டத்தில் ஜெபமணி, "அடுத்த மாசம் பூகோளம். யார் நடத்துறீக?" என்றார்.

முஸ்லிம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்து சேக் பரீத் ராவுத்தர் திரும்பித் தூணைப் பார்த்தார். "பங்கிராஸ் வாத்தியாரே நடத்தட்டும். அவுக ஊர்ல வடக்கு ஓட்டுக்கு மேல இருக்காம்ல."

கூடம் முழுக்கச் சிரித்தது. பங்கிராஸுக்குக் காது சுட்டது. "நடத்துறேன்" என்று சொல்லிவிட்டார். கோபத்தில் வந்த வார்த்தை. மூன்று கல்லும் நடந்து வீடு சேர்கிற வரைக்கும் அதை நினைத்துத் தன்னையே வைதுகொண்டு போனார்.

புரட்டாசியில் படத்தைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். மாட்டினார். குரலை உயர்த்தி, "படத்தின் மேற்பக்கம்..." என்று தொடங்கினார். சின்னமனூர்க் கர்ணன் தொந்தியை மடியில் ஏந்திக்கொண்டு ராகம் போட்டார். கூடலூர்ப் பேச்சிமுத்து கையைத் தூக்கினார்.

"அய்யா, ஒரு சந்தேகம்."

"கேள்றா" என்றார் பங்கிராஸ். பாடத்தில் எல்லாரும் 'டா'தான்.

"எங்க கூடலூரு படத்துல கீழ கெடக்கு. வீரபாண்டி மேல இருக்கு. ஆத்துத் தண்ணி எங்க ஊரைத் தாண்டித்தானே வீரபாண்டிக்குப் போகுது? அப்ப அது சுவத்துல எப்படிய்யா ஏறும்?"

ஒரே ஆரவாரம். பங்கிராஸ் பிரம்பைப் பார்த்தார். பிள்ளை கேட்டிருந்தால் "வாயை மூடுறா" என்று தீர்ந்திருக்கும். மூன்று வருஷமாக அப்படித்தான் தீர்ந்தது.

"தெரியாது" என்றார்.

சிரிப்பு நின்றது.

"எனக்கே தெரியாதுப்பா. படம் வந்த நாளா இதைத்தான் நானும் பாக்குறேன். தண்ணி ஏறுது. ஏன் ஏறுதுன்னு தெரியாமத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்குறேன். தை மாசத்தோட அதுவும் போயிரும்போல."

கர்ணன்தான் முதலில் இருமினார். "நான் படத்தைத் தலைகீழா மாட்டிட்டேன். தண்ணி இறங்கிருச்சு. எழுத்துத்தான் தலைகீழா நிக்குது. பிள்ளைக கழுத்தைத் திருப்பித் திருப்பிப் படிக்குதுக."

"நான் சுவத்துல வெடிப்பு விட்ட இடத்துல மாட்டியிருக்கேன்" என்றார் சேக் பரீத், தலையைக் குனிந்துகொண்டே. "பாடம் நடத்துறதில்ல. பல்லி வராம இருக்கு."

ஜெபமணியிடம் கேட்டார்கள். பயிற்சி முடித்த மனுஷன். "எங்களுக்கும் சுவத்துலதான் காட்டினாக. நாங்க கேக்கல."

ராவுத்தர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்தார். "வாத்தியாரே, தொழுகைக்கு நாங்க பாயைச் சுவத்துலயா மாட்டுறோம்? எந்த ஊருக்குப் போனாலும் மேக்கு எதுன்னு பாத்து, அதுக்குத் தக்கனப் பாயைத் தரையில திருப்பிப் போடுவோம். இதையும் எறக்கிப் போட்டுத் திருப்புனா என்ன?"

படத்தைக் கழற்றிக்கொண்டு அத்தனை பேரும் ஆற்றங்கரைக்கு நடந்தார்கள். மணலில் விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்தார்கள். பங்கிராஸ் மண்டியிட்டு, மேற்பக்கம் வீரபாண்டித் திசைக்கு வருகிற வரைக்கும் படத்தைத் திருப்பினார். துணியில் கிடந்த கோடும் பக்கத்தில் ஓடின தண்ணீரும் ஒரே பக்கம் பார்த்தன.

பேச்சிமுத்து கூடலூரில் விரலை வைத்துவிட்டுத் தெற்கே மலையைப் பார்த்தார். "ஏலே, அங்கனதான்டா எங்க ஊரு!" என்று கத்தினார். துணி துவைத்துக்கொண்டிருந்த பஞ்சம்மாள் நிமிர்ந்து, "ஆத்தாடி, வாத்தியாருக எல்லாம் சேந்து பாய் விக்கக் கிளம்பிட்டாகளா?" என்றாள். ராவுத்தர், "வேணுமா ஆத்தா? ஜில்லாவே இருக்கு" என்றார்.

அன்றைக்குப் பொழுது சாய்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்து பேசினார்கள். பள்ளிக்கூடத்தையே முதலில் தரையில் வரையச்சொல்லலாம் என்றார் கர்ணன். அப்புறம் தெரு, அப்புறம் ஊர், அப்புறம் படம் என்றார் ஜெபமணி. ஆளுக்கொன்றைத் தங்கள் பிள்ளைகளிடம் செய்து பார்த்துவிட்டு, அடுத்தடுத்த மாசக் கூட்டத்துக்கு வந்து என்ன ஆச்சென்று சொன்னார்கள். கர்ணனுக்குச் சரியாக வந்தது. பேச்சிமுத்துவின் பிள்ளைகள் தெரு வரைய ஆரம்பித்து யார் வீடு பெரிசென்று அடித்துக்கொண்டன. சவரியார்பட்டியில் வேறு சிக்கல். தரையில் கிடக்கிறவரைக்கும் சரியாகச் சொன்ன பிள்ளை, சுவருக்குப் போனதும் மறுபடி கூரையைக் காட்டியது. ரெண்டு வாரம் முழித்துவிட்டு, பங்கிராஸ் படத்தைத் தான் தூக்குவதை விட்டார். நாலு பிள்ளைகளை மூலைக்கு ஒன்றாக நிறுத்தி, அதுகளையே மெதுவாகத் தூக்கவைத்தார். இதைச் சங்கத்தில் சொன்னபோது ஜெபமணி நோட்டில் எழுதிக்கொண்டார்.

தை மாசம் அதிகாரி வந்தபோது சுவரில் வெறும் ஆணி இருந்தது.

"படம் எங்கே?"

"தரையிலங்கய்யா."

சாமியார் நெற்றியில் கை வைத்தார். அதிகாரி பூட்ஸ் காலோடு படத்தின் ஓரத்தில் வந்து நின்றார். வடக்கு கேட்டார். அத்தனை கையும் வாசலுக்கு வெளியே, வேப்பமரத்துப் பக்கம் நீண்டது. அவர் மரத்தையும் வெயிலையும் பார்த்தார்.

"கூடலூர் எங்கே?"

இருதயம்மாள் என்கிற ஒன்பது வயசுப் பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னது. "அய்யா காலுக்கு அடியில. எடுத்தாகன்னா தெரியும்."

அவர் காலை எடுத்தார். கூடலூர் இருந்தது. "சரி, மாட்டுங்க பார்ப்போம்" என்றார். நாலு பேர் பிடித்துத் தூக்கி ஆணியில் மாட்டினார்கள். ஆற்றின் மேல் பிரம்பை வைத்து, "இப்போ தண்ணி மேலே ஏறுதே?" என்றார்.

எது கேட்கக்கூடாதென்று பங்கிராஸ் வேண்டியிருந்தாரோ அதுவே.

இருதயம்மாளுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. "தண்ணி ஏறலங்கய்யா. நாங்கதான் படத்தைத் தூக்கிட்டோம்" என்றது.

அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து, "இது எந்தப் புத்தகத்தில் இருக்கு?" என்று வாத்தியாரைக் கேட்டார்.

"புத்தகத்துல இல்லங்கய்யா. ராவுத்தர் எறக்கிப் போட்டாக. சின்னமனூர்க்காரரு வரையச்சொன்னாரு. நான் பிள்ளைகளைத் தூக்கவச்சேன். அம்புட்டுத்தான்."

அதிகாரி என்னவோ இங்கிலீஷில் எழுதிச் சாமியாரிடம் நீட்டினார். சாமியார் ரெண்டு தரம் படித்தார். மதுரையிலிருந்து ஆள் வேண்டாமென்று அன்றைக்கே கடிதம் போயிற்று.

மாசிச் சனிக்கிழமை. ஜெபமணி வழக்கம்போல, "அடுத்த மாசம் புது மாதிரிப் பின்னக் கணக்கு. யார் நடத்துறீக?" என்றார்.

சேக் பரீத் எழுந்தார். "நான் நடத்துறேன். எனக்கு அது சுத்தமா வராது."

பங்கிராஸ் தூணுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து முதல் வரிசையில் இடம் பிடித்தார். ராவுத்தரிடம் எந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்று யோசிக்க ஒரு மாசம் இருந்தது.