ஆனைகட்டியிலிருந்து வந்த ஆட்டுப்பால்

ஒரு கையில் பால் டம்ளர், மறு கையில் பாப்பாவின் நாப்கின். அப்படி ஒரு காலையில்தான் அது எனக்கு உறைத்தது.

மூன்று மாதக் குழந்தை. மலத்தில் மறுபடியும் நூல் மாதிரி ரத்தம். கன்னமெல்லாம் சிவந்த தடிப்பு. கொடுப்பதோ தாய்ப்பால் மட்டும்... பிறகு எங்கிருந்து? டம்ளர் வாய்வரை வந்து நின்றது. நான் குடிப்பதுதான் அவளுக்குள் போகிறதோ?

பாலக்காடு பக்கம் எலப்புள்ளியில் மாடு வளர்க்கும் வீடு எங்களுடையது. பிள்ளை பெற்றவளுக்கு தினம் நாலு டம்ளர். அப்போதுதான் பால் ஊறுமாம்!

"மூணு மாட்டக் கட்டி வெச்சுட்டு, ஊட்டுப் பாலே புள்ளைக்கு ஆவாதுங்கறயா? நல்லாருக்குது போ!" என்றார் கணவர். மாடுகளுக்காகக் கோபம்.

"எனக்கும் உறுதியாத் தெரியலீங்க. டாக்டரக் கேப்போம்."

பாலக்காட்டு டாக்டரம்மாவுக்கும் மாட்டுப்பால் மேல்தான் சந்தேகம். "தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. நீங்க மாட்டுப்பால், தயிர், மோர், நெய் எல்லாம் நாலு வாரம் நிறுத்திப் பாருங்க." கால்சியம் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

இரண்டாவது வாரத்தில் ரத்தம் நின்றது. நான் இளைத்துப்போனேன் என்று இவருக்குக் கவலை. வண்டியை எடுத்துக்கொண்டு ஆனைகட்டி வரை போய் ஒரு பாட்டிலோடு வந்தார்.

"மாட்டுப்பால்தான ஆவாது? இது ஆடு. குடி புள்ள."

எம்.எஸ்ஸி. படித்தவள் நான். டாக்டருக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டேனா? காய்ச்சி ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாள் ரசித்துக் குடித்தேன். நான்காம் நாள் — ரத்தம்.

மாமியார் பயந்துவிட்டார். "உன்ற பால நிறுத்திப்போட்டு டப்பாப் பால் குடுத்தர்லாம் கண்ணு." அந்த டப்பாவில் இருப்பதும் பெரும்பாலும் மாட்டுப்பால்தானே! ஆனாலும் அன்றுதான் அழுதேன். பாப்பாவுக்கும் எனக்கும் நடுவே இருக்கும் அந்த ஒன்றும் போய்விடுமோ?

"மாட்டுப்பால் ஆகாத குழந்தைகள்ல பெரும்பாலும் ஆட்டுப்பாலும் ஆகாதும்மா. எருமைப்பாலும்தான்" என்றார் டாக்டர். எருமையையும் சேர்த்துச் சொன்னது நல்லதாயிற்று. இவர் அடுத்து அங்கேதான் போயிருப்பார்.

ஒன்றை நிறுத்து என்றால் நமக்குக் கை சும்மா இருப்பதில்லை. அந்தக் காலி இடத்தில் உடனே இன்னொன்றை வைத்தாக வேண்டும். அன்பு அதிகமுள்ள வீடுகளில் இந்த அவசரமும் அதிகம்.

மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பித்தோம். நாலு வாரம் முடிந்துவிட்டது. ரத்தம் இல்லை, தடிப்பு இல்லை, பாப்பா சிரிக்கிறாள். ஆனால் தானாகவே சரியாகியிருந்தால்? ஆட்டுப்பால் குடித்தபோது ரத்தம் வந்ததும் தற்செயலாக இருந்தால்? அதை அறிய ஒரே வழி, நான் மறுபடி மாட்டுப்பால் குடித்துப் பார்ப்பது. டாக்டரே சொல்லிவிட்டார்.

"நல்லா இருக்கற புள்ளைய எதுக்குச் சோதிக்கோணும்?" என்கிறார் இவர். நியாயம்தான். ஆனால் தெரியாமலே எத்தனை மாதம் பயந்துகொண்டிருப்பது?

திங்கட்கிழமை காலை குடிக்கப்போகிறேன். என் ஊகம் தப்பாகிவிட வேண்டும் என்று நானே வேண்டிக்கொள்ளும் முதல் பரிசோதனை இது!