மேக்னட் பிடிக்காத காசு

1. கவருக்குள் வந்தது

கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்தேன். இலையை வாட்டுவதிலிருந்து தூள் மூட்டையாவது வரை எங்கே எது கெட்டாலும் முதல் திட்டு டீ மேக்கருக்குத்தான். அன்று முதலாளி கூப்பிட்டபோதும் தூளில் நிறம் இல்லை என்று யாரோ புகார் சொல்லியிருப்பார்கள் என்றே நினைத்தேன். உள்ளே, எங்கள் தூளை வாங்கும் கோயமுத்தூர் பையர் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஒரு கவர், கவருக்குள் ஒரு காசு.

"உங்க மூட்டையில இருந்துச்சுங்க. சிலோன் காசு. அங்கத்த தூளைக் கலந்து நீலகிரித் தூள்னு எங்க தலையில கட்டறீங்களாட்ட இருக்குது" என்றார் பையர்.

முதலாளிக்கு முகம் வெளிறிவிட்டது. கலப்படம் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் போதும், ஏலத்தில் எங்கள் மூட்டையை ஒருவரும் சீண்ட மாட்டார்கள்.

எனக்கோ வாயெல்லாம் பல். அடக்கிக்கொள்ள ரொம்பச் சிரமப்பட்டேன்.

2. என் கிறுக்கு

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தூளைச் சலிக்கும் சிஃப்டிங் ரூமில், ஆணி, ஹேர்பின் எதுவும் மூட்டைக்குள் போய்விடாமல் இருக்க மேக்னட் மாட்டியிருப்போம். ஒருநாள் அதைத் துடைக்கும்போது யார் பையிலிருந்தோ விழுந்த ஒரு ரூபாய்க் காசு ஒட்டிக்கொண்டிருந்தது. நம் காசில் வருடத்துக்குக் கீழே புள்ளியோ டைமண்டோ நட்சத்திரமோ இருக்கும், அல்லது ஒன்றும் இருக்காது. இதில் ஆங்கில எழுத்து இருந்தது. விசாரித்தால், நம் ரூபாயை, காசு அடிக்கும் வெளிநாட்டு அக்கசாலை ஒன்றில் செய்து வாங்கியது என்றார்கள். அன்றைக்குப் பிடித்தது கிறுக்கு. ஒரு நாட்டுக்காக இன்னொரு நாடு அடித்துக் கொடுத்த காசுகளாகத் தேடித் தேடிச் சேர்த்தேன். சம்பளக் கவரைக் கொடுக்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரி, "இதுல எத்தனை அந்த ஆல்பத்துக்கு?" என்று கேட்பாள்.

கவரில் வந்தது நெளிநெளி விளிம்பு வைத்த பித்தளைக் காசு, ஒரு பக்கம் இங்கிலாந்து ராஜா தலை, யுத்த வருடம். அப்போது சிலோனுக்கு நம் ஊர் அக்கசாலைகளிலும் காசு அடித்து அனுப்பியிருக்கிறார்கள். அதில் ஒன்று என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் ஆல்பத்தில் அதற்கான பை மட்டும் காலியாகக் கிடந்தது.

3. துப்பறிந்த பெருமை

"சார், இது கலப்படத்துல வந்ததில்லீங்க" என்று ஆரம்பித்தேன். இலையோடு வந்திருந்தால், இலையை நறுக்கும் சி.டி.சி. ரோலரின் பற்கள் காசைக் கடித்துக் குதறியிருக்கும், ரோலரும் போயிருக்கும். காசில் ஒரு கீறல் இல்லை. வெளித் தூளைக் கலந்திருந்தால் ட்ரையருக்குப் பக்கத்திலேயே கலந்திருக்க வேண்டும், அங்கே நாள் முழுக்க நிற்பவன் நான், என் கண்ணில் படாமல் நடக்காது. விளிம்பில் ஓட்டை போட்டிருக்கிறது, ஓட்டையில் அறுந்த கறுப்புக் கயிற்றின் நுனி. பித்தளையை மேக்னட் பிடிக்காது. ஆகவே சிஃப்டிங் ரூமில் யார் உடம்பிலிருந்தோ கழன்று தூளில் விழுந்திருக்கிறது.

பையர் சாய்ந்து உட்கார்ந்தார். முதலாளிக்கு மூச்சு வந்தது. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"அப்பறம் என்னுங்க?" என்றார் முதலாளி. "வளையல் வேண்டாம், கயிறு வேண்டாம்னு போர்டே வெச்சிருக்குது. அது யாருன்னு பாத்து இன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பீருங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிலோனிலிருந்து வந்தவர் அந்த ரூமில் ஒரே ஒருவர்தான், புஷ்பம் அக்கா. வீட்டுக்காரர் படுத்த படுக்கை, அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. காசைப் பார்த்த குஷியில் நானே அவரைக் காட்டிக் கொடுத்துவிட்டேன்.

4. சிஃப்டிங் ரூமில்

மூன்று பேரும் உள்ளே போனோம். மெஷினை நிறுத்தினார்கள். முதலாளி காசைத் தூக்கிப் பிடித்து, "இதைத் தூளுக்குள்ள போட்டது யாரு?" என்று கத்தினார். தூசிக்காகப் போட்ட கண்ணாடியில் தூள் படிய நின்றவர்களுக்கு அவர் கையில் இருப்பது தெரியவில்லை. ஆளாளுக்கு ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

என்ன செய்வதென்று தெரியாமல் நான் கேட்டேன், "யாராச்சும் எதையாச்சும் தொலைச்சிருக்கீங்களா?"

புஷ்பம் அக்கா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தார். "கெடைச்சிருச்சாங்க ஐயா? ஒரு வாரமா மெஷினுக்கு அடியெல்லாம் படுத்துத் தேடுறேன்!"

அவர் முகத்தில் இருந்தது அத்தனையும் சந்தோஷம். முதலாளி கையிலிருந்த காசை அவரே வாங்கிக்கொண்டார்.

"சிலோன் காசு உங்களுக்கு ஏதுங்க?" என்றார் பையர்.

"நான் பொறந்ததே அங்கதானுங்களே. கப்பல் ஏறுறப்ப, கூட்டத்துல காணாமப் போயிறக் கூடாதுன்னு அம்மா இந்தச் சல்லிய இடுப்புல கட்டிவிட்டாங்க. நான் காணாமப் போகல. இது போயிருச்சு."

"இது இந்தியாவுல அடிச்ச காசுக்கா" என்றேன் நான். அந்த நேரத்திலும் என் புத்தி அங்கேதான் நின்றது.

"அப்படியா! எங்க தாத்தாவும் இங்கேருந்து போனவருதான்" என்று காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பையர் முதலாளி பக்கம் திரும்பினார். "என் கம்ப்ளெயின்ட்டு தூளைப் பத்தித்தானுங்க. அது தீந்துபோச்சு. ஆளை அனுப்பச் சொல்லி நான் கேக்கலீங்க."

முதலாளி என்னை முறைத்தார். "இனி இவங்க இடுப்புல கயிறு இருந்தா நீங்கதான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு தினமும் காலையில் அக்கா அந்தக் காசை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போவார், சாயங்காலம் கேட்டு வாங்கிக்கொள்வார். அவர் ரிட்டயராகும்வரை என் மேசை டிராயரில் பகலெல்லாம் அது இருந்தது. விலைக்குக் கேட்கவும் செய்தேன், மறைப்பானேன். "ஐயாகிட்டதானே பகல் பூரா இருக்கு" என்று சிரித்தார். கடைசி நாளும் வாங்கிக்கொண்டு போனார். ஆல்பத்தில் அந்தப் பை இன்னும் காலிதான்.

புதிதாக வரும் டீ மேக்கர்களுக்கு ஒன்று சொல்வேன். தூளில் ஏதாவது கிடந்தால் போட்டது யார் என்று கேட்காதீர்கள். தொலைத்தது யார் என்று கேளுங்கள், ஆள் தானாக ஓடி வருவார்.