அரை வாசல்

பக்கத்து ஃபிளாட்டில் கொத்தனாரின் கரண்டி செங்கல்லைத் தட்டுகிறது. அந்தச் சத்தம் கேட்டால் இந்த எண்பது வயதிலும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த காலம். நாகர்கோவில் வீட்டை அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தார்கள். சரிபாதி என்றால் சரிபாதி என்று தலைவாசலின் நடுவிலேயே கொத்தனாரை அழைத்துச் சுவர் வைத்தார்கள். ஈரச் சுண்ணாம்பு வாசம் வீடெல்லாம் அடித்தது. இரட்டைக் கதவில் ஆளுக்கொன்று. ஒருக்களித்துத்தான் உள்ளே நுழைவோம்.

ஆறே மாதத்தில் பெரியப்பா இறந்துபோனார். பாடை அந்த அரை வாசலில் நுழையவில்லை. அப்பாதான் அழுதுகொண்டே கடப்பாரையை எடுத்துச் சுவரை இடித்தார். இனி ஒரே வீடுதான் என்று நினைத்தேன்.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் அதே கொத்தனார் வந்து நின்றார்.

"மறுபடியும் எதுக்குப்பா சொவரு?" என்று கேட்டேன்.

"அண்ணந்தான் போயாச்சு. பாகப் பத்திரம் இருக்குல்லா மக்கா" என்றார் அப்பா.