அரிசி கழுவும்போது வந்த பால்

என் பெண் குழந்தை ஐந்து நாள்தான் இருந்தாள். எனக்கு அம்மா இல்லாததால் பிள்ளைபெற்ற உடம்போடு ஸ்ரீவில்லிபுத்தூரில் புகுந்த வீட்டில்தான் கிடந்தேன். அவளைப் புதைத்த நாலாவது நாள் அரிசி கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்காவின் கைக்குழந்தை வீறிட்டது. என் மாரில் சுருக்கென்று ஒரு இழுப்பு. குனிந்து பார்த்தால் ஜாக்கெட் இரண்டு பக்கமும் நனைந்திருந்தது.

என் மாமியார் பார்த்துவிட்டார்.

"அதையே நெனச்சுக்கிட்டு இருந்தா வராம என்ன செய்யும்? மறக்கப் பாருட்டி."

"நெனைக்கல அத்த. அரிசிதான் கழுவிக்கிட்டு இருந்தேன்."

"நெனைக்காம எப்படி வரும்? தன்னால தொறக்கதுக்கு அதென்ன பைப்பா?"

அழுதால் நினைக்கிறேன் என்றார். அழாமல் இருந்தாலும் ஜாக்கெட் காட்டிக்கொடுத்தது. எப்படித்தான் இருந்து தொலைப்பது?

பால் வற்ற மாரில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவார்கள். அத்தை தினமும் கட்டிவிட்டார். அந்தக் கட்டோடுதான் தையல் காட்ட, பிரசவம் பார்த்த ராஜபாளையத்து ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். முன்சீட்டு அம்மா மூக்கை உறிஞ்சினாள். "வாசம் இந்தத் தூக்கு தூக்குது. ஒருத்தி தலையிலயும் பூவக் காணோமே!" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

நர்ஸக்காவிடம் கேட்டேவிட்டேன். "நான் நெனைக்காம இது எப்படிக்கா வருது?"

"வலி வரலன்னு ஒனக்கு ட்ரிப்ஸ்ல ஒரு மருந்து ஏத்துனோம்ல, ஆக்ஸிடோசின். அத ஒன் மூளையும் தன்னால செய்யும். புள்ளச் சத்தம் காதுல விழுந்தா ரத்தத்துல விட்டுரும். அது வந்து பாலத் தள்ளும். நீ நெனைக்கணும்னு இல்ல."

"பாசம் வாரதும் அதனாலதானா?"

"அதுலயும் பங்கு இருக்குன்னு சொல்லுதாக. முழுசா யாருக்குத் தெரியும்? பால் ரொம்பக் கட்டுனா மட்டும் கொஞ்சமா பீய்ச்சி விடு. பொறவு தன்னால வத்தும்."

எட்டாவதோடு மில் வேலைக்குப் போனவள் நான். அந்தப் பேர் மறந்துவிடக் கூடாதென்று பஸ்ஸில் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன். எனக்கும் ஒரு சாட்சி கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

வீட்டில் சொன்னேன். அத்தை கண்ணைச் சுருக்கினார்.

"அப்ப நெனப்பு இல்ல, சத்தந்தான் காரணம்?"

"ஆமா அத்த."

நேரே பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாளே அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு தேவதானத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். என்னைத் தாண்டிப் போகும்போது குழந்தை முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். இதையா நான் கேட்டேன்?

இரண்டு நாள் ஜாக்கெட் நனையவில்லை. அத்தைக்கு ஒரே பெருமை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக் கொடியில் அக்கா எடுக்க மறந்த குட்டிச் சட்டை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. என் குழந்தைக்கு நான் சட்டையே போடவில்லை. துணியில் சுற்றியபடி இருந்தாள், அப்படியே போனாள். அந்தச் சட்டைக் கைக்குள் அவள் கை எம்மட்டுக்கு வந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். சுருக்கென்று இழுத்தது.

அத்தை ஓடிவந்தார். "ஒரு சத்தமும் கேக்கலயே! இப்ப எந்தப் புள்ளட்டி அழுதுச்சு?"

"ஒன்னும் அழல. இப்பத்தான் நெனச்சேன். போதுமா?"

அவர் பூப்பொட்டலத்தை எடுக்க உள்ளே போனார்.