ஃபாரூக் நானாவின் ஜைரோ சுவிட்ச்

ஃபாரூக் நானா போய்விட்டார். காலையில் கடையைத் திறந்து கதிரையில் உட்கார்ந்தவர், எழும்பவே இல்லையாம். பின்னேரம் அடக்கமும் முடிந்துவிட்டது.

இப்போதுதான் அறைக்கு வந்தேன். எதை எழுதுவது, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை... எல்லாம் குழம்பிக் கிடக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவரைத் தெரியாதவர்களுக்கு: கண்டிக்குப் பக்கத்தில் அலவத்துகொடவில் நான் வாடகைக்கு இருக்கும் அறைக்குக் கீழே அவருடைய பெயின்ட் கடை. கிழமை நாளில் பெயின்ட். ஞாயிற்றுக்கிழமை விமானம்.

விமானம் என்றால் பிள்ளைகளுடைய விளையாட்டுச் சாமான் இல்லை. உலகப் போர்க் காலத்து ஃபைட்டர் ஒன்றின் பெரிய மொடல், அவரே செய்தது. ரிமோட்டில் பறப்பது. பெட்ரோல் எஞ்சின், இறக்கை என்னைவிட நீளம். வேனில் ஏற்றிக்கொண்டு கலகெதரப் பக்கம் ஒரு மைதானத்துக்குப் போவார்.

"சும்மா ரூமுக்குள்ள என்ன செய்றீங்க தம்பி? வாங்க, ஏறுங்க." அப்படித்தான் முதல் நாள் போனேன். கண்டிக்கு மாற்றலாகி வந்த புதிது. எனக்கும் ஞாயிற்றுக்கிழமையில் வேறு போக்கிடம் இல்லை.

மைதானத்தில் வைத்து ஒரு பக்க இறக்கையைக் கையால் தூக்கிக் காட்டினார். ரிமோட்டை யாரும் தொடவில்லை. இறக்கையின் ஓரத்தில் இருந்த பலகை தானாக அசைந்தது.

"இதான் ஜைரோ. காத்து ஒரு பக்கம் தள்ளினா இது மத்தப் பக்கம் இழுக்கும். நாம ஒண்டும் செய்யத் தேவல்ல."

அது இல்லாவிட்டால் மொடல் விமானம் காற்றில் தத்தளிக்கும். இருந்தால் கோடு போட்ட மாதிரி வரும். நிஜ விமானம் வருவது போலவே...

அப்படித்தான் வந்தது. தாழ்ந்து, நேராக, கொஞ்சமும் ஆடாமல், சத்தம் கூடிக் கூடி.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது, வாய்க்குள் புல். குப்புறக் கிடக்கிறேன். இரண்டு காதையும் பொத்தி, வாயைத் திறந்து வைத்தபடி. சின்ன வயதில், குண்டு போடப் பொம்மர் வந்து பங்கருக்கு ஓட நேரமில்லாவிட்டால் எப்படிப் படுக்கச் சொல்லித் தந்தார்களோ, அப்படியே.

வெட்கமென்றால் அப்படி ஒரு வெட்கம். நாற்பது வயது மனிதன்! எங்கள் ஊருக்கு மேலே வந்தவை ஜெட் விமானங்கள். அவற்றுக்கும் இந்தப் பழைய காலத்து மொடலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதெல்லாம் எழும்பி நின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது.

நான் எழும்பியபோது விமானம் தரையில் நின்றது. நானா பக்கத்தில் வந்தார்.

"எந்த ஊரு தம்பி நீங்க?"

"கிளிநொச்சி, நானா."

தலையை ஆட்டினார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த முறை கூப்பிட்டபோது ஏன் போனேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. போனேன். "ஜைரோ பழுதாகி ஈக்கி. சாமான் வெளிநாட்டுல ஈந்து வரணும்" என்றார்.

அன்றைக்கு விமானம் கள்ளுக் குடித்த மாதிரி ஆடி ஆடிப் பறந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது... பயம் வரவில்லை. இறக்கும்போது மூக்குக் குத்தி ப்ரொப்பெல்லர் முறிந்தது.

அந்தச் சாமான் வரவே இல்லை. லீவு கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போய்க்கொண்டிருந்தேன். போன நேரமெல்லாம் மனிதர் எதையாவது உடைத்தார். ஒருமுறை சில்லு பிய்ந்தது. ஒருமுறை இறக்கை நுனி.

"நானா, உங்களுக்கு ஏத்தத் தெரியும், இறக்கத் தெரியாது" என்று நக்கலடிப்பேன்.

"அல்லாஹ் தந்த கை இவ்வளவுதான் தம்பி." சிரித்துக்கொண்டே கம் போத்தலைத் தேடுவார்.

இன்றைக்கு நானாவின் வீட்டு வாசலில், அவரோடு விமானம் விடுகிறவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். லேண்டிங்கில் அவரை அடிக்க ஆளில்லையாம். எவ்வளவு காற்றிலும் பூ வைக்கிற மாதிரி இறக்குவாராம்.

வேறு யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

பக்கத்தில் ஹேவாஹெட்டயிலிருந்து வரும் சிவகுமார் இருந்தார். ஒரு ஞாயிறு தவறாமல் மைதானத்துக்கு வருகிறவர். "யாரைச் சொல்லினம்? நானா ஒவ்வொரு தரமும் உடைக்கிறவர் எல்லோ?" என்று கேட்டேன்.

அவர் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"சார்... அது நீங்க வர்ற அன்னிக்கு மட்டுந்தான். நீங்க வந்தா ஜைரோ சுவிட்ச ஆஃப் பண்ணிருவாரு. இந்தக் காத்துல வேணாம் நானான்னு நாங்க சண்டையே போட்டிருக்கோம். 'அந்தத் தம்பி நேரா வர்ற ப்ளேன் நெறைய பாத்துட்டாரு, இது கொஞ்சம் ஆடட்டும்'னு சொல்லுவாரு."

அதற்குப் பிறகு அங்கே யார் என்ன பேசினார்கள் என்று ஞாபகமில்லை.

கோபம் வருகிறதா, அழுகை வருகிறதா... அதுகூடத் தெரியவில்லை. ஏன் நானா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை? கேட்டிருந்தால் "பரவாயில்லை, போடுங்கோ" என்று சொல்லியிருப்பேன். பிறகு போவதையே நிறுத்தியிருப்பேன். அதுவும் அவருக்குத் தெரிந்திருக்குமோ?

அவ்வளவு ஆசையாகச் செய்த விமானம் அது. நான் அவருக்கு யார்? கீழே கடை, மேலே அறை, அவ்வளவுதானே...

வெளிக்கிடும்போது சிவகுமார் கேற் வரை வந்தார்.

"வர்ற ஞாயிறு நானாவோட ப்ளேன ஒரு ரவுண்டு விடலாம்னு இருக்கோம் சார். நீங்களும் வாங்க. ஜைரோவ ஆஃப் பண்ணியே விடுறோம்."

"வேண்டாம். போட்டே விடுங்கோ. நான் வாறன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அன்றைக்கு நிற்பேனா, படுத்துவிடுவேனா, அதுவும் தெரியவில்லை.

போயிட்டு வாங்கோ நானா... நீங்கள் பூ வைக்கிற மாதிரி இறக்குவீர்களாம். நான் ஒரு நாளும் பார்க்கவில்லை.