பதினொரு பெட்டிகளும் ஒரு கணுக்காலும்

எங்கள் உதிரிபாகக் கிடங்கில் இருபத்திரண்டு அடுக்குகள், ஒவ்வொன்றிலும் ஆறு தட்டுகள். மேல்தட்டுச் சாமானை இறக்கித் தருபவரை ஏணியார் என்போம். பத்தொன்பது வருடமாக ஏறி இறங்குகிறவர். இறங்கும்போது கடைசி மூன்று படிகளை மிதிக்கவே மாட்டார், குதித்துவிடுவார். "அந்த மூணு படியும் தண்டத்துக்குச் செஞ்சதுண்ணே" என்பார். எந்தச் சாமான் எந்தத் தட்டில் என்று பதிவேட்டில் எழுதுவது என் வேலை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, கையில் பெட்டியோடு குதித்தவருக்கு வலது கணுக்கால் மடங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை, சுளுக்குதான். மூன்று வாரம் விடுப்பு எடுத்தார். வீக்கம் வற்றியதும் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அவர் திரும்பி வந்த மாதத்தின் கடைசிச் சரிபார்ப்பில் மேல்தட்டுகளில் பதினொரு பெட்டிகளின் இடம் காலியாக இருந்தது. வெளியே கொடுத்ததாகச் சீட்டு ஒன்றுகூட இல்லை. ஏணியாரிடம் கேட்டால் உஷாராகிவிடுவார் என்று நான் கேட்கவில்லை. வாசல் புத்தகத்தைப் புரட்டினேன். எட்டு மணி வேலைக்கு எப்போதும் ஏழு ஐம்பத்தெட்டுக்கு வருகிற மனிதர், மூன்று வாரமாக ஏழே காலுக்கு வந்திருக்கிறார். ஆள் இல்லாத நேரத்தில் கிடங்கில் என்ன வேலை?

மேலாளரிடம் சொன்னேன். அவர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் அல்ல.

"வெள்ளிக்கிழமைக்குள்ள யாருன்னு எழுதிக் கொடுங்க பெரியவரே. அவர் பேரு வந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுறேன்."

அன்றிலிருந்து அவரைக் கவனித்தேன். ஆட்கள் எதிரே வந்தால் நிமிர்ந்து, சற்று வேகமாகவே நடந்தார். தனியாக இருந்தால் அடுக்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே போனார். கையில் எதையோ மறைக்கிறார் என்று குறித்துக்கொண்டேன். போதாததற்குப் புதன்கிழமை அவர் மனைவியே வாசலில் வந்து நின்றார்.

"அண்ணா, ஒண்ணு கேட்கணும். ஏழு மணிக்கே உங்க கிடங்குல வேலை ஆரம்பிக்குதா?"

"எட்டுக்குத்தான்மா."

"அதானே பார்த்தேன். ஆறரைக்கே கிளம்பிடுறாரு. சாயங்காலம் கடைத்தெரு வரைக்கும் வாங்கன்னா வேலை இருக்குங்கறாரு. மாடிப்படி பக்கமே போறதில்ல, துணி காயப்போடக்கூட நான்தான் ஏறணும். கால் எப்படின்னு கேட்டா, 'கல்லு மாதிரி இருக்கு'ங்கறாரு. கல்லு மாதிரி கால் இருக்கிறவரு என்கூட நடக்க மாட்டாராம். வேற எங்கயோ நடக்கிறாருன்னுதானே அர்த்தம்?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. என் சந்தேகம் பெட்டிகளைப் பற்றி என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஏழு மணிக்கே போய்ப் பதினான்காம் அடுக்கின் பின்னால் நின்றேன். ஏழு பதினேழுக்கு ஏணியார் ஏணியை உருட்டி வந்தார். ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து, நடக்கப் பழகும் குழந்தை மாதிரி ஏறினார். ஒரு பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதேபோல் இறங்கினார். மூன்றாம் படிக்கு வந்ததும் திரும்பி அதிலேயே உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. பிறகு மெல்ல எழுந்து, முதல் தட்டில் பெல்ட் சுருள்களுக்குப் பின்னால் பெட்டியைச் செருகினார்.

"எத்தனை?" என்றேன்.

"ஐயோ, அண்ணே! உயிரே போயிடுச்சு."

"பெட்டி எத்தனைன்னு கேட்டேன்."

"இதோட பன்னிரண்டு. எல்லாம் இங்கதான் இருக்கு, எண்ணிக்குங்க."

எண்ணினேன். பழைய பதினொன்றும் இருந்தன, அன்றையது ஒன்றும் இருந்தது.

"அடிக்கடி கேட்கிற சாமானா பார்த்து இறக்கி வெச்சுக்கிறேன். பகல்ல எல்லாரும் பார்க்க ஏற முடியலண்ணே. வீக்கம் வத்தினதும் சரியாயிடுச்சுன்னு நினைச்சேன். ஆனா கால் நம்ம பேச்சைக் கேட்கல. வலியைக்கூடப் பொறுத்துக்கலாம், திடீர்னு மடங்குது பாருங்க, அதைத்தான் நம்ப முடியல. சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. சொல்லாட்டி ஏறணும்."

"உங்க வீட்டுல?"

"அவகிட்ட சொன்னா அழுவா."

"அவங்க அழல. உங்களுக்கு இன்னொரு வீடு இருக்குன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க."

சிரித்தவர் பாதியில் நிறுத்தி, "நிஜமாவா?" என்றார்.

வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுத்தேன். ஒன்றும் குறையவில்லை. பன்னிரண்டு பெட்டிகள் இடம் மாறியுள்ளன. சாமான்களை எண் வரிசைப்படி அடுக்கச் சொன்னவன் நான். வாரம் இருமுறை கேட்கப்படுபவை அதனால் மேல்தட்டுக்குப் போயின. அந்தத் தவறு என்னுடையது. ஏணியாரின் வலது கணுக்கால் இன்னும் குணமாகவில்லை. கடைசி வரியை விட்டுவிடலாம் என்று அவர் கெஞ்சினார். பொய்ப் பதிவு எழுதிப் பழக்கமில்லை என்று சொல்லிவிட்டேன்.

மேலாளர் இரண்டு முறை படித்தார்.

"நடிக்கலன்னு எப்படித் தெரியும்?"

"நடிக்கிறவன் ஆள் பார்க்கும்போது நொண்டுவான். இவர் ஆள் இல்லாதப்பதான் நொண்டுறாரு."

மேலாளர் பேனாவை மூடித் திறந்தார். "ஆறு வாரம். ஏணிக்கு வேற ஆள் போடுறேன், இவர் கீழ்த்தட்டைப் பார்க்கட்டும். அதுக்கு மேல ஒரு நாள்கூட இல்ல."

பிசியோதெரபி நிலையத்தில் இருந்த பெண் முதல் நாளே ஏணியாரைத் திட்டினாராம். சுளுக்கில் இழுபட்ட தசைநாருக்கு நிற்கிற பழக்கத்தைத் திரும்பச் சொல்லித்தர வேண்டும், வீக்கம் வற்றினால் மட்டும் போதாது என்றாராம். தினமும் ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சி. ஏணியார் சொன்ன விநாடிக் கணக்கை நான் நம்பவில்லை. என் கடிகாரத்தை வைத்தே பார்த்தேன். முதல் நாள் நான்கு விநாடி. "ஆறுண்ணே" என்றார். நான்கு. பதினாறாம் நாள் பதினொன்று, மறுநாள் மறுபடி ஏழு. அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. முப்பத்தெட்டாம் நாள் முப்பத்தொன்று.

நாற்பத்திரண்டாம் நாள், மேலாளர் பார்க்க, ஐந்தாம் தட்டு வரை ஏறினார். ஒரு படிக்கு ஒரு கால். இறங்கும்போது மூன்றாம் படியில் நின்றார். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"குதிக்க மாட்டேண்ணே, உட்காருங்க" என்று மூன்று படியையும் மிதித்து இறங்கினார்.

வாசல் புத்தகத்தில் இப்போது ஏழு ஐம்பத்தெட்டு. மாலையில் கணவனும் மனைவியும் கடைத்தெருவில் தென்படுகிறார்கள். அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொள்வது காலுக்காகவா, பழைய சந்தேகத்தாலா என்று எனக்குத் தெரியவில்லை. நானும், அவர் மூன்றாம் படிக்கு வரும்போதெல்லாம் இன்னும் எழுந்து நின்று பார்க்கிறேன்.